அத்தையும் நானும் ஓர் உப்புக்கொத்தியும்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் வரைக்கும் என் மாமியாரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மூன்றே வாசகங்கள்தான். "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க மாப்பிள்ளை", "போயிட்டு வாங்க மாப்பிள்ளை." மூன்றுக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது: "சரிங்கத்தை."

சண்டையெல்லாம் கிடையாது. கமுதிப் பக்கத்தில் அது ஒரு மரியாதை. மருமகன் கூடத்தில் இருந்தால் மாமியார் அடுப்படியில் இருப்பார். மருமகன் அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால் மாமியார் கொல்லைக்குப் போய்விடுவார். இடையில் தகவல் போக்குவரத்துக்கு என் மனைவி இருந்தாள். "உங்களுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு அம்மா கேக்குது." "வேணாம்னு சொல்லு." இப்படியே பன்னிரண்டு வருடம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தை மாதம் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். மதுரையில் வைத்து நடந்தது. டாக்டர் போகிற போக்கில், மூன்று மாதம் தூசி, புகை, நெடி எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அது இடி. தை முடிந்தால் மிளகாய்ப் பழம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சித்திரை வரைக்கும் களத்தில் காயப்போடுவதும் ஆய்வதும் சாக்குப் பிடிப்பதும்தான் வேலை. மிளகாய்க் களத்தைவிடப் பெரிய நெடி உலகத்தில் எங்கே இருக்கிறது? விவரம் தெரிந்த நாள் முதல் அவர் களத்துக்குப் போகாத மாசி மாதம் இல்லை. அப்படியே ஊருக்கு விட்டால் மறுநாளே களத்தில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று என் மனைவிக்குத் தெரியும். அதனால் மதுரையிலிருந்து நேராக ராமநாதபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே, கூட்டிவந்துவிட்டாள்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் கல்யாணப் போட்டோகிராபர். முகூர்த்தம் இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் வீடு. ஆக, முகூர்த்தம் இல்லாத பகல் பொழுதுகளில் அந்த வீட்டில் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம். அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் கூடத்தைவிட்டு உள்ளே போகவில்லை. நான்காம் நாள் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீங்கதான் தனுஷ்கோடிக்குக் கொக்கு பிடிக்கப் போறீகள்ல. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நாள் பூராம் டிவியப் பாத்துப் புதுக் கண்ணையும் கெடுத்துக்கிரும் போல."

கொக்கு பிடிப்பது என்று அவள் சொன்னது, நான் பறவைகளைப் படம் எடுப்பதை. அந்தப் பழக்கம் மூன்று வருடத்துக்கு முன்னால் தற்செயலாக ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாண ஜோடியைத் தனுஷ்கோடிக்கு வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவர்களுக்குப் பின்னால் ஆழமில்லாத கழிமுகத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம் நின்றது. ஆல்பம் வந்தபோது பாதிப் படத்தில் பூநாரை தெளிவாக இருந்தது, பெண் மங்கலாக இருந்தாள். பெண்ணின் அம்மா கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்ததே தவிர, அந்தப் பூநாரைப் படங்களை அழிக்க மனம் வரவில்லை. அதிலிருந்து தை முதல் சித்திரை வரை, அவை கிளம்பிப் போகும்வரை, ஓய்வு கிடைத்தால் நான் கடற்கரையில்தான் இருப்பேன்.

முதல் நாள் வேனில் அத்தை கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு தூக்குவாளி. நான் ஓட்டினேன். உச்சிப்புளி தாண்டும்போது என் கைபேசி அடித்தது. மனைவி, பள்ளிக்கூடத்திலிருந்து.

"வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க. அம்மா ஒண்ணுக்குப் போகணுமாம்."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அத்தை தன் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். எனக்கு நாலடி பின்னால் இருந்தவர், ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மகளுக்குப் போன் போட்டு, அவள் மூலமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தினேன்.

கோதண்டராமர் கோயிலுக்குப் போகிற பாதைக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் கழிமுகம். வேனை நிறுத்திவிட்டு முக்காலியைப் போட்டு, நீள லென்ஸை மாட்டினேன். தூரத்தில் பூநாரைகள் ரோஸ் கலர் கோடு மாதிரி நின்றன. அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். சுற்றுலா வந்தவர்கள் கூச்சல் போட்டுப் படம் எடுக்கிற பூநாரைக்கு என் மாமியார் ஒரு "ம்" கொடுத்தார். பிறகு கரையோரச் சகதியில் ஓடிக்கொண்டிருந்த பொடிப் பறவைகள் பக்கம் திரும்பினார். பட்டாணி உப்புக்கொத்திகள், கொசு உள்ளான்கள், இன்னும் பெயர் சொல்லத் தெரியாத பழுப்புப் பறவைகள் எல்லாம் கலந்து ஆயிரம் இருக்கும். நாலடி ஓடும், நிற்கும், சகதியைக் கொத்தும், மறுபடி ஓடும். எனக்கு அவையெல்லாம் ஒரே மாதிரி. மூன்று வருடமாக அவற்றை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கடலைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்:

"அந்தக் கூட்டத்துல ஒண்ணு செவந்திருக்கு."

எனக்கா சொல்கிறார் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. "எதுங்கத்தை?" என்றேன்.

"இடது பக்கம். கட்டைக்குப் பின்னால, நாலாவது."

லென்ஸைத் திருப்பினேன். கட்டைக்குப் பின்னால் நாலாவது பறவை. சாம்பல் நிற உப்புக்கொத்திகளுக்கு நடுவே அதன் நெஞ்சில் மட்டும் லேசாகச் செங்கல் பொடி தூவினமாதிரி ஒரு பட்டை. வலசை கிளம்புவதற்கு முன்னால் அவை இனப்பெருக்கக் காலத்து நிறத்துக்கு மாறும் என்று படித்திருந்தேன். என் கண்ணால் பார்த்தது இல்லை. அதுவும் மாசி ஆரம்பத்திலேயே ஒன்று மாறத் தொடங்கியிருந்தது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டேன்.

"களத்துல இதானே வேலை" என்றார். "அம்புட்டு வத்தலுக்கு நடுவுல வெளுத்துப்போன ஒத்தச் சோத்தை வத்தல் கண்ணுல பட்டுரும். இப்பக் கண்ணு வேற புதுசு."

பன்னிரண்டு வருடத்தில் அந்த மூன்று வாசகங்களைத் தாண்டி நாங்கள் பேசியது அன்றுதான்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போனோம். மூன்றாவது முறை அத்தை முன் இருக்கைக்கு வந்துவிட்டார். பின்னால் இருந்தால் பாம்பன் பாலத்தில் கடல் சரியாகத் தெரியவில்லை என்பது காரணம். தூக்குவாளியில் புளிச்சோறும் வறுத்த மோர்மிளகாயும் இருக்கும். நான் ஒரு நோட்டில் பறவைகளைக் குறித்துவைப்பேன். அத்தை அதற்குத் தன் முறையைக் கொண்டுவந்தார். நிறம் மாறாதது காய். பாதி சிவந்தது அரைப்பழம். நெஞ்சு முழுக்கச் சிவந்தது பழம். "இன்னைக்குக் காய் கொறஞ்சு போச்சு மாப்பிள்ளை. பழம்தான் சாஸ்தி. எழுதிக்கங்க." நான் எழுதிக்கொண்டேன். பங்குனியில் கூட்டம் முழுவதும் பழுத்துக்கொண்டு வந்தது. உடம்பும் உருண்டது. முன்பு ஒரே ஓட்டமாக ஓடியவை இப்போது கனத்துப்போய் ஆடி ஆடி ஓடின.

"எங்கன போகுதுக இதெல்லாம்?"

"இமயமலைக்கு அங்கிட்டு, திபெத்துப் பக்கம். அங்கதான் முட்டை வைக்கும்."

"அங்கன பனியில்ல கெடக்கும்?"

"வெயில் காலத்துல உருகிரும். பூச்சி நிறைய கெடைக்குமாம்."

அத்தை உருண்டு திரண்ட ஒன்றைக் கையால் காட்டினார். "அப்ப வழிச்சாப்பாட்ட ஒடம்புலயே கட்டிக்கிட்டுப் போகுதுக" என்றார். நான் மூன்று வருடம் இணையத்தில் படித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பங்குனி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நொண்டி உப்புக்கொத்தி கண்ணில் பட்டது. கண்டுபிடித்தது அத்தைதான். "ஒண்ணு தத்தித் தத்திப் போகுது பாருங்க." படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு காலையும் சேர்த்துத் தங்கூசி சுற்றியிருந்தது, வலை பின்னுகிற அந்த மெல்லிய நைலான் நரம்பு. ஒரு முழ நீளம் பின்னால் இழுபட்டது. மற்றதெல்லாம் பழுத்திருந்தபோது அது மட்டும் சுத்தமாகக் காய். மெலிந்தும் இருந்தது. இரண்டு எட்டு வைக்கும், விழும், இறக்கையை அடித்து எழுந்திருக்கும். பக்கத்தில் போனால் பறந்துவிடும். அப்படியே இரண்டு நாள் பார்த்தோம். வனத்துறைக்குத் தகவல் சொன்னேன். பறக்கிற பறவையைத் துரத்த வேண்டாம், ஓய்ந்து எங்காவது சிக்கினால் ஜாக்கிரதையாக அறுத்துவிடுங்கள், காயம் இருந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அது சிக்கியது. இழுபட்ட தங்கூசி சகதியில் நட்டுக்கிடந்த ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. பறக்கப் பார்க்கும், ஒரு முழத்தில் இழுத்துப் போடும். கரையிலிருந்து ஐம்பதடி இருக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராக இறங்கினேன். பத்தடியில் கணுக்கால், இருபதடியில் முழங்கால், முப்பதடியில் தொடை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. காலை இழுத்தேன். கால் வந்தது, நான் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வரை கறுப்புச் சகதி.

கரையில் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. வாயைச் சேலையால் பொத்திச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரிக்கிறார். "மாப்பிள்ளை... மாப்பிள்ளை..." என்று ஏதோ சொல்ல வருகிறார், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சகதியில் உட்கார்ந்தபடி நானும் சிரித்தேன்.

சாலை ஓரத்தில் மீன் வறுத்து விற்கிற பெண் ஒருவர் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளியிருக்கும் குடிசைகளில் ஒன்றில் இருப்பவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. நாங்கள் அவ்வப்போது அவர் கடையில் நகரை மீன் சாப்பிடுவோம். அடுப்பைத் தணித்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏண்ணே, அங்கன போயி எறங்குவாகளா? அது உளைச்சேறு. இங்கிட்டுச் சுத்தி வந்தா கெட்டித் தரை."

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"கேட்டாச் சொல்லிருப்பமே" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வளைந்து வளைந்து நடந்தார். நடுக் கழிமுகத்தில் அவருக்குக் கணுக்கால் தண்ணீர்தான். கட்டைக்குப் பின்னால் போய், துண்டை மெதுவாக உப்புக்கொத்தியின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அள்ளி, தங்கூசியைக் கட்டையிலிருந்து பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் தவழ்ந்து கரையேறுவதற்குள் அவர் வந்துசேர்ந்துவிட்டார்.

துண்டுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தீக்குச்சியைவிட மெல்லிய கால்கள். தங்கூசி இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்காக நான் எப்போதும் வைத்திருக்கிற பையில் ஊக்கு, பசை, சின்னக் கத்தரி எல்லாம் இருக்கும். கத்தரியை எடுத்தேன். ஆனால் எங்கே வெட்டுவது? எனக்கு நாற்பத்தைந்து வயது. கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போய் ஒரு வருடமாகிறது, கண்ணாடி போடத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் புதுக் கண் தூரத்துக்குக் கழுகு மாதிரி, கிட்டத்தில் மங்கல். மீன் விற்கிற பெண்ணோ கையை எடுக்க முடியாமல் பறவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நரம்பு எங்கே, காலின் செதில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

சகதிக் கையைச் சட்டையில் துடைக்கப் போய், சட்டையும் சகதி என்பதால், அத்தையின் முந்தானையில் துடைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். தாலி, மோதிரமெல்லாம் கிட்டத்தில் எடுக்கிற சின்ன லென்ஸை மாட்டி, காலை நாலைந்து கோணத்தில் படம் எடுத்தேன். கேமரா திரையில் பெரிதாக்கி அத்தையிடம் நீட்டினேன். திரையைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்தா. வலது காலு, நடு வெரலுக்கு மேல முடிச்சு இருக்கு. அத வெட்டுனா மத்தது தன்னால உருவிரும்."

"வெட்டுறது யாரு?"

"நீங்கதான். நான் பாத்துச் சொல்றேன்."

அப்படித்தான் வெட்டினேன். வெட்டுவேன், படம் எடுப்பேன், அத்தை பார்ப்பார், "இன்னுங் கொஞ்சம் கீழ" என்பார். நாலாவது வெட்டில் முடிச்சு விழுந்தது. ஊக்கு முனையால் நரம்பை ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. மீன் விற்கிற பெண், "சேசுவே" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்தார். அது ஒரு வினாடி அவர் உள்ளங்கையில் உட்கார்ந்து எங்கள் மூவரையும் பார்த்தது. பிறகு தாழப் பறந்து எதிர்க்கரையில் போய் இறங்கியது. ஒரு காலில் நின்றது. மற்றொரு காலை மெல்ல ஊன்றிப் பார்த்தது.

"நடக்குதா?" என்றேன். எனக்குத் தெரியவில்லை.

"நடக்குது, நடக்குது" என்றார் அத்தை. அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கசக்காமல் அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டு வாசலில் குழாயடியில் நிற்க, அத்தைதான் வாளி வாளியாக என் தலையில் தண்ணீர் ஊற்றினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்க இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "சரி, சோத்தப் போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரே கவலை. சித்திரை பிறக்கப்போகிறது. மற்றவை எல்லாம் பழுத்துக் கிளம்பத் தயாராக நின்றன. எங்களுடையது நன்றாக இரை எடுத்தது, நொண்டலும் குறைந்தது, சதையும் பிடித்தது. ஆனால் நிறம் மட்டும் மாறவே இல்லை. காயாகவே இருந்தது. ஒருநாள் பிற்பகல் தென்காற்று வீசியபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சின்னச் சின்னக் குரல்கள். ஐம்பது அறுபதாக எழுந்து, தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, வடக்கே போயின. அடுத்த நாள் போனபோது இன்னும் பாதி இல்லை. வாரக் கடைசியில் கழிமுகம் வெறிச்சோடியது. பத்துப் பன்னிரண்டு மட்டும் சகதியில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று, வலது காலை லேசாகத் தூக்கி வைக்கிறது.

அத்தை வேனில் வந்து உட்கார்ந்தார். உச்சிப்புளி வரை கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "நம்ம இன்னும் வெரசா பாத்திருக்கணும் மாப்பிள்ளை" என்றார். "ரெண்டு நாள் சும்மா வேடிக்க பாத்தோம்ல. அதுக்குள்ள காலம் போயிருச்சு அதுக்கு."

எனக்கும் அதே நினைப்பு உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும், எனக்கு இணையத்தில் பழக்கமான ஒரு விலங்கியல் பேராசிரியருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பி, நடந்ததை எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. இறக்கைச் சிறகுகள் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் அது போன வருடம்தான் பிறந்த இளம் பறவை. முதல் வருடத்துப் பறவைகள் பலவும் வடக்கே போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும், நிறமும் சரியாக மாறாது. கால் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார்.

அதை அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார்.

"அப்ப அது போகத் தெம்பில்லாம இங்கன நிக்கலியா?"

"இல்லங்கத்தை. அதுக்கு இன்னும் கல்யாண வயசு வரல. அம்புட்டுத்தான்."

"அடக் கழுத" என்றார் அத்தை. "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நிம்மதியாத் தூங்கிருப்பேன்ல!" கழுதை என்றது பறவையைத்தான் என்று நினைக்கிறேன்.

சித்திரைக் கடைசியில் அத்தையைக் கமுதிக்குக் கொண்டுபோய் விட்டேன். அந்த வருடத்து வத்தல் முழுவதும் அவர் இல்லாமலே ஆய்ந்து, சாக்குக் கட்டிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. கூட்டியள்ளிய களத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "நல்லாத்தான் செஞ்சிருக்காக" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு. ஆனி, ஆடியில் நான் தனியாகக் கழிமுகத்துக்குப் போனபோதெல்லாம் அந்த இளம் பறவையைப் பார்த்தேன். வடக்கே போனவை ஆவணியில் திரும்பி வந்து கூட்டம் பெருகியதும் எது எது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிகிற கண் கமுதியில் இருந்தது.

தீபாவளிக்கு வழக்கம்போல அத்தைக்கு என்ன சேலை எடுப்பது என்று மனைவி கேட்டதற்கு, சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற பைனாகுலர் ஒன்று வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தோம். ஊர்க் கண்மாயில் அந்த வருடம் தண்ணீர் இருந்தது. செங்கால் நாரைகள் வந்திருந்தன. அத்தை தினமும் காலையில் கரைமேல் ஏறி நின்று அரைமணி நேரம் பார்ப்பார். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, உள்ளதச் சொல்லுங்க. நம்ம பக்கம் ரோடு போடப் போறாகளா, சூரிய ஒளிக் கம்பெனிக்கு நெலம் எடுக்கப் போறாகளா? உங்க அத்தை கரைமேல நின்னு என்னமோ அளந்துக்கிட்டே இருக்காக. கேட்டா, 'இன்னும் காயாத்தான் இருக்கு'ங்கிறாக!"